முகைதீன் என்னும் பெயரைத் தேடிய வழி

எங்கள் பாட்டனாரின் பெயர் முகைதீன். காயல்பட்டினத்தில் அவர் விட்டுச்சென்ற மனையைப் பாகம் பிரிப்பதற்காகக் கொழும்பிலும் பினாங்கிலும் லண்டனிலும் இருக்கும் வாரிசுகளின் ஆவணங்களை ஒன்றுசேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மூலப்பத்திரத்தில் 'முகையதீன்' என்றிருந்தது. கொழும்பில் சிங்களத்தில் பதிந்து பின்னர் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்ட பிறப்புச் சான்றிதழ் 'மொஹிடீன்' என்றது. பினாங்கில் குடியேறிய பெரிய வாப்பாவின் பிள்ளைகளுடைய அடையாள அட்டையில் 'மைடின்' என்றும், லண்டனில் பிறந்த பேரனின் கடவுச்சீட்டில் 'மொஹிதீன்' என்று குடும்பப் பெயராகவும் நின்றது. இவர்கள் அனைவரும் ஒரே மனிதரின் வழிவந்தவர்கள் என்பதற்குச் சான்று வேண்டும் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடப் போய், இந்தப் பெயர் எங்கே பிறந்தது, எப்படிப் பரவியது, எந்த இடத்தில் அது குடும்பப் பெயராக மாறுகிறது என்பதையெல்லாம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். இதே தேடலில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

அரபியில் இது 'முஹ்யித்தீன்'. மார்க்கத்திற்கு உயிரூட்டுபவர் என்பது பொருள். தொடக்கத்தில் இது பிறந்த குழந்தைக்கு வைக்கும் பெயராக இருக்கவில்லை. வளர்ந்து பெயரெடுத்த ஒருவருக்கு மற்றவர்கள் சூட்டும் சிறப்புப் பெயராக, அரபியர் 'லகப்' என்று சொல்லும் வகையைச் சேர்ந்ததாக இருந்தது. பதினொன்றாம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில், செல்ஜூக்கியர் ஆட்சிக் காலத்தை ஒட்டி, 'தீன்' என்று முடியும் இத்தகைய பட்டங்கள் பெருகின. நூருத்தீன், சலாஹுத்தீன் ஆகியவை அந்தக் காலத்துப் பட்டங்களே. பிற்காலத்தில் அவை பட்டம் என்ற நிலையிலிருந்து இறங்கி, தொட்டிலிலேயே இடப்படும் பெயர்களாயின.

முஹ்யித்தீன் என்ற பட்டத்தைத் தாங்கியவர்கள் பலர். 1240இல் திமிஷ்கு (டமாஸ்கஸ்) நகரில் மறைந்த மெய்ஞ்ஞானி இப்னு அரபிக்கும் இதுவே பட்டம். முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் இயற்பெயரிலும் இது உண்டு. ஆனால் தமிழ் முஸ்லிம் வீடுகளில் முகைதீன் என்று சொன்னால் நினைவில் வருபவர் ஒருவரே. ஜீலான் பகுதியில் பிறந்து, இளமையிலேயே கல்விக்காக பக்தாதுக்கு வந்து, அங்கேயே போதித்து, 1166இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி அவர்கள்தாம் அந்த ஒருவர். காதிரிய்யா தரீக்கா என்னும் சூஃபி நெறி அவர் பெயரால் வழங்குகிறது. அவருக்கு இப்பட்டம் வந்த கதையை எங்கள் உம்மம்மா சொல்லித்தான் நாங்கள் கேட்டோம். வழியோரத்தில் மெலிந்து விழுந்து கிடந்த ஒரு நோயாளியை அவர் கைகொடுத்துத் தூக்கினாராம், தூக்கிய அளவில் அந்த உடல் செழித்து, "நான்தான் மார்க்கம், நலிந்து கிடந்த என்னை நீர் உயிர்ப்பித்தீர், நீர் முஹ்யித்தீன்" என்று சொன்னதாம். வரலாற்றாசிரியர் இதை வரலாறாகக் கொள்ளமாட்டார். ஆயினும் கடலோர ஊர்களில் இந்தப் பெயர் வீட்டுக்கு வீடு வைக்கப்பட்டதற்கு இந்தக் கதைதான் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேரளக் கரையில் 1607இல் கோழிக்கோட்டுக் காழி முஹம்மது ஜீலானி அவர்களைப் புகழ்ந்து இயற்றிய முஹ்யித்தீன் மாலை, அரபு எழுத்தில் எழுதும் மலையாளமான அரபு மலையாளத்தில் காலம் தெரிந்த நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. நம் கரையில் அதே நூற்றாண்டில் வாழ்ந்து கீழக்கரையில் அடங்கியிருக்கும் சதக்கத்துல்லாஹ் அப்பா பாடிய 'யா குத்பா' என்னும் புகழ்ப்பாடல் இன்றும் வீடுகளில் ஓதப்படுகிறது. இலங்கையில் பலாங்கொடைக்கு அருகிலுள்ள கூரகலையில், அந்த மகான் வந்து தவமிருந்தார் என்ற நம்பிக்கையில் தஃப்தர் ஜெய்லானி என்னும் தலம் நிலைத்திருக்கிறது. ரபீஉல் ஆகிர் மாதத்தில் அவர் பெயரால் மௌலிது என்னும் புகழ்ப்பாக்களை ஓதி நேர்ச்சைச் சோறு ஆக்காத ஊர் ஒரு காலத்தில் அரிது. பிள்ளையில்லாதவர்கள் நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு முகைதீன் பிச்சை என்றும், பெண்ணாக இருந்தால் மைதீன் பீவி, மைதீன் பாத்திமா என்றும் பெயரிட்டார்கள். காதர், ஜெய்லானி, கௌது, மீரான் ஆகிய பெயர்களும் எங்கள் பகுதியில் அவரை நினைத்தே இடப்பட்டவை.

இந்தப் பின்னணியிலிருந்து முதலில் நான் விளங்கிக்கொண்டது, முகைதீன் என்ற பெயர் இரத்த வழியில் இறங்கிய பெயரன்று, பற்றின் வழியில் பரவிய பெயர் என்பதே. ஆகவே, ஒரே பெயர் இருப்பதனால் இருவர் உறவினர் ஆகிவிடமாட்டார்கள். பினாங்கிலிருந்து ஒரு குடும்பத்தார், தங்கள் பாட்டனாரும் காயலிலிருந்து வந்த மைதீன்தான் என்று எங்களைத் தொடர்புகொண்டார்கள். அன்போடு பேசிக்கொண்டோம், புகைப்படங்களை மாற்றிக்கொண்டோம். ஆனால் ஊரும் வீட்டுப் பெயரும் பாட்டியின் பெயரும் ஒத்துவரவில்லை. அவர்களுடையது வேறு ஊர். நட்பு நிலைத்தது, வாரிசுப் பட்டியலில் அவர்கள் இல்லை.

உலகின் மற்ற பகுதிகளில் இந்தப் பெயர் எந்தெந்த உருவில் நிற்கிறது என்பதையும் தேடினேன். எகிப்தில் 1952 புரட்சியை நடத்திய இளம் அதிகாரிகளில் காலித் மொஹியெத்தீன், ஸகரிய்யா மொஹியெத்தீன் ஆகிய இருவரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்; ஸகரிய்யா 1965இல் பிரதமரும் ஆனார். அவர்களிடத்தில் இது உண்மையாகவே ஒரு குடும்பத்தின் பெயர். அதே நாட்டில் முதலீட்டு அமைச்சராக இருந்து பின்னர் உலக வங்கியில் பணியாற்றிய மஹ்மூது, தம் பெயரை ஆங்கிலத்தில் நடுவில் ஓர் 'எல்' சேர்த்து மொஹியெல்தீன் என்று எழுதுகிறார். அரபியில் லாம் எழுதப்படும், ஆனால் தாலுக்கு முன் அது ஒலிக்காது. எழுத்தைப் பின்பற்றியவர்கள் எல் இட்டார்கள், ஒலியைப் பின்பற்றியவர்கள் தகரத்தை இரட்டித்தார்கள். துருக்கியில் இது முஹித்தின். நடு ஆசியாவில் ரஷ்யர் ஆட்சியில் 'ஓவ்' என்ற விகுதி சேர்ந்து முஹித்தினோவ் ஆயிற்று. 1957இல் சோவியத் தலைமைக் குழுவில் இடம்பெற்ற உஸ்பெக் தலைவர் நூரித்தின் முஹித்தினோவ் பெயரில் இருப்பதும் இதே முஹ்யித்தீன்தான். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் முஹிதின். வங்கத்திலும் தக்காணத்திலும் மொஹியுத்தீன். ஹைதராபாத்தின் உருதுக் கவிஞரும் பொதுவுடைமைத் தலைவருமான மக்தூம் மொஹியுத்தீனைப் பலர் அறிவர். கேரளத்தில் மொய்தீன், சுருங்கி மொய்து. மலேசியாவில் மைடின் என்ற பேரங்காடியின் பலகையைப் பார்க்காமல் பெருநகரங்களைக் கடப்பது கடினம்.

மலேசியாவிலேயே இன்னொரு சான்று உண்டு; எழுத்து வேறுபாடு ஏழை எளியவர்களின் தொல்லை மட்டுமே என்று எண்ணுபவர்களுக்கு இதைச் சொல்வதுண்டு. 2020இல் பிரதமரான முஹிதீன் யாசினின் பிறப்பு ஆவணத்திலுள்ள பெயர் மஹியாதீன். 2021இல் அரசு ஆவணங்களில் அந்தப் பெயரையே எழுதலானார்கள். ஒரு நாட்டின் பிரதமருக்கே பொதுவழக்கில் ஒன்றும் ஆவணத்தில் ஒன்றுமாக இரண்டு உருவங்கள் இருந்தன.

பெயரின் உருவம் மட்டுமல்லாமல் அதன் வேலையும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. தமிழ்நாட்டில் முகைதீன் என்பது ஒருவரின் சொந்தப் பெயர். அவருடைய மகனுக்கு அது தலைப்பெழுத்தாகச் சுருங்கி 'மு.' அல்லது 'எம்.' ஆகிறது, பேரனுக்கு அதுவும் இல்லை. மலேசியாவில் 'பின்' என்ற சொல்லுக்குப் பின் தகப்பன் பெயர் முழுமையாக நிற்கும், ஆனால் அதுவும் ஒரு தலைமுறைக்குத்தான். இலங்கை முஸ்லிம்களிடம் தகப்பன், பாட்டன் பெயர்களெல்லாம் தலைப்பெழுத்துகளாக வரிசையில் நிற்கும். அதிலுள்ள ஓர் 'எம்' முஹம்மதாகவும் இருக்கலாம், மொஹிதீனாகவும் இருக்கலாம், மரைக்காராகவும் மீராவாகவும் இருக்கலாம். இங்கிலாந்துக்கோ கனடாவுக்கோ பிரான்சுக்கோ போனால்தான் அது உறைந்துபோய்க் குடும்பப் பெயராகிறது. படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்பதற்காகத் தகப்பன் பெயரை எழுதுகிறார்கள். அந்தத் தகப்பன் பெயர் பிறகு பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் மாறாமல் போகிறது. எங்கள் பாட்டனார் பெயர் லண்டனில் மூன்று தலைமுறையாக வாழ்கிறது, அவர் பிறந்த ஊரில் அது அவருடைய பிள்ளைகளோடு நின்றுவிட்டது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல் தேடத் தொடங்கினால், குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகலாம் என்று தோன்றும். அப்படிப் போக முடியாது. அந்தப் பெயர் உறைந்த இடம் வரைக்கும்தான் அது வழிகாட்டும். அதற்குமேல் தகப்பன் பெயர், ஊர், வீடு ஆகிய மூன்றும்தான் துணை.

எங்களுக்குக் கைகொடுத்தது பழைய நிக்காஹ் பதிவேடு. எங்கள் ஊரில் திருமணத்தைப் பதிவது பழங்காலத்திலிருந்தே முறையாக நடந்துவந்தது. பழைய பதிவுகள் அரபுத் தமிழில், அதாவது தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறையில், உள்ளன. மாமா ஒருவர் எண்பதைத் தாண்டியவர். அரபுத் தமிழைத் தடையின்றி வாசிக்கும் கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர். பதிவேட்டின் ஏடுகள் பழுத்து, ஓரங்கள் உதிரும் நிலையில் இருந்தன. மை பழுப்பேறியிருந்தாலும் எழுத்து தெளிவு. மணமகன் பெயர், அவர் வாப்பா பெயர், மணமகள் பெயர், வலீ (மணமகளின் பொறுப்பாளர்), மஹர் (மணக்கொடை), சாட்சிகள் என்று ஒவ்வொரு பதிவும் ஒரே ஒழுங்கில் ஓடியது. மாமா விரலை ஏட்டில் படாமல் சற்று மேலே நகர்த்திக்கொண்டே வாசித்தார். "மருமவனே, இங்கிலீசுல எத்தன மாதிரி எழுதுனா என்ன, இங்க பாரு. மீம், ஹா, யா. பொறவு அலிபு, லாம், தால், யா, நூன். எல்லாப் பக்கத்துலயும் இதுதான்" என்றார்.

அவர் சொன்னது இந்தத் தேடலிலேயே எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள செய்தி. அரபு எழுத்தில் எழுதும்போது இந்தப் பெயருக்கு ஏறக்குறைய ஒரே உருவம்தான். நடுவில் யா ஒன்றா இரண்டா என்பது தவிர வேறுபாடு இல்லை. தமிழ் எழுத்துக்கு வரும்போது அந்த ஆழ்ந்த ஹகரத்திற்கு எழுத்தில்லாமல் ககரம் இட்டு முகைதீன், மொகிதீன் என்றார்கள். பேச்சில் அது தேய்ந்து மொய்தீன், மைதீன் ஆயிற்று. பிறகு அதைக் கேட்ட ஆங்கில எழுத்தர்கள் தங்கள் செவிக்கு எட்டியபடி எழுதினார்கள். ஆகவே, உங்கள் குடும்பத்தில் அரபுத் தமிழ்க் கடிதமோ, கடுத்தம் எனப்படும் திருமண எழுத்தோ, மௌலிதுக் கிதாபின் முதல் பக்கத்தில் எழுதிய பிறப்புக் குறிப்போ இருந்தால் அதைத்தான் முதலில் தேட வேண்டும். வாசிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே வாசிக்கச் சொல்லி, அவர் குரலைப் பதிவுசெய்து, ஏட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மையவாடி என்னும் அடக்கத்தலத்தில் நட்ட மீஸான் கற்களில் பெயர் செதுக்கியிருந்தால் அதுவும் உதவும், எழுத்தில்லாத கற்களே மிகுதி என்றாலும்.

பதிவேட்டில் பெயர் கிடைத்ததும் வேறொரு சிக்கல் எழுந்தது. மூத்த மகனுக்குத் தகப்பனாரின் தகப்பன் பெயரை இடுவது எங்கள் வழக்கம். அதனால் முகைதீன் மகன் அப்துல் காதர், அப்துல் காதர் மகன் முகைதீன், அவர் மகன் மறுபடியும் அப்துல் காதர் என்று இரண்டே பெயர்கள் மாறி மாறி வருகின்றன. இரண்டும் ஒரே மகானைக் குறிப்பவை என்பது அழகு. ஆனால் பாட்டன் யார், பேரன் யார் என்று பிரிப்பது பெரும்பாடு. தகப்பன் பெயர் மட்டும் போதாது. மனைவியின் பெயரும் மனைவியின் வாப்பா பெயரும் சேர்ந்தால்தான் ஆள் தனியாகத் தெரிகிறார். பல குடும்ப வரைபடங்களில் பெண்களின் பெயரை விட்டுவிடுகிறார்கள். எங்கள் தேடலில் இரண்டு முகைதீன்களையும் வேறுபடுத்திக் காட்டியது அவர்கள் மணந்த பெண்களின் பெயர்களே.

காயல்பட்டினத்தில் திருமணத்திற்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்குப் போகும். ஆகவே, வீடு தாய் வழியிலும் பெயர் தகப்பன் வழியிலுமாகப் பிரிந்து செல்கின்றன. ஒரு முகைதீனின் ஆண்மக்கள் அனைவரும் வெவ்வேறு தெருக்களில், வெவ்வேறு வீட்டுப் பெயர்களோடு வாழ்ந்திருப்பார்கள். அவர் எந்த வீட்டில் பிறந்தார், எந்த வீட்டில் வாழ்ந்தார் என்று இரண்டு கேள்விகளையும் தனித்தனியே கேட்க வேண்டும். மருமகள் மாமனார் பெயரை உச்சரிக்கமாட்டார் என்பதால், பாட்டன் பெயரைத் தாங்கிய பிள்ளை வீட்டில் வேறு பெயரில் அழைக்கப்பட்டிருக்கும். உறவுக்காரர்களிடம் முகைதீனைக் கேட்டால் தெரியாது என்பார்கள். வீட்டில் கூப்பிட்ட பெயரைச் சொன்னால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இணையத்தில் உள்ள ஆவணத் தொகுப்புகளில் தேடுவோருக்கு ஒரு குறிப்பு. ஒலி ஒத்த ஆங்கிலப் பெயர்களைச் சேர்த்துத் தேடுவதற்கு சவுண்டெக்ஸ் என்ற பழைய முறை பல தொகுப்புகளில் உண்டு. அது முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளையும் 'எச்', 'ஒய்' போன்றவற்றையும் தள்ளிவிட்டு, மற்ற மெய்களுக்கு எண் தரும். மொஹிதீன், மொஹியுத்தீன், மைதீன், மொய்தீன், மைடின், மஹியாதீன், முஹித்தின் எல்லாமே அந்த முறையில் 'எம் 350' என்ற ஒரே குறியீட்டில் வந்து சேர்கின்றன. நம் பெயரின் இத்தனை உருவங்களும் ஒரே வலையில் விழுகின்றன என்பது பெரும் வசதி. ஆனால் மதன், மாடன் போன்ற தொடர்பில்லாத பெயர்களும் அதே குறியீட்டில்தான் வரும். ஊரையும் ஆண்டையும் சேர்த்து வடிகட்டியாக வேண்டும். எல் சேர்த்து எழுதும் எகிப்திய உருவம் 'எம் 435' என்று தனியே போய்விடும். 'கே' சேர்த்து எழுதும் உஸ்பெக் உருவமும் அவ்வாறே. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களைத் தேடுபவர்கள் கப்பல் பதிவேட்டைப் பார்க்கலாம். அதில் தகப்பன் பெயருக்கும் ஊருக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. தகப்பன் பெயரும் ஊரும் ஒத்திருந்தால் பெயரின் எழுத்து எப்படிச் சிதைந்திருந்தாலும் கவலையில்லை.

பத்திர வேலையில் எங்களைக் காப்பாற்றியது 'என்கிற' என்ற ஒரு சொல். பழைய கிரயப் பத்திரம் ஒன்றில் எழுத்தர் 'முகையதீன் என்கிற மைதீன்' என்று எழுதியிருந்தார். அந்தச் சொல் இருந்ததால் இரண்டு உருவங்களும் ஒருவருக்கே உரியவை என்பதை நிறுவ முடிந்தது. பாகப்பிரிவினைப் பத்திரத்தை எழுதும்போது ஒவ்வொரு வாரிசின் பெயரையும் அவரவர் கடவுச்சீட்டிலோ அடையாள அட்டையிலோ உள்ள எழுத்தின்படியே எழுதி, மற்ற உருவங்களை 'என்கிற' என்று சேர்த்துக்கொண்டோம். வெளிநாட்டிலிருந்து அனுப்பும் அதிகாரப் பத்திரத்திலும் இதே வரிசை வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி அனுப்பினோம். பத்திரம் எழுதுபவர் அவசரத்தில் இதைச் சுருக்கப் பார்ப்பார்; விடக்கூடாது. பத்திரம் பதிவான பிறகு ஒரு பெயரைத் திருத்துவது, பதியும் முன் ஒரு வரியைக் கூட்டுவதைவிடப் பன்மடங்கு செலவும் அலைச்சலும் தரும்.

புதிதாகக் கடவுச்சீட்டு எடுக்கும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு ஒற்றைப் பெயரோடு கடவுச்சீட்டு எடுப்பது தமிழ்நாட்டில் பொதுவழக்கம். 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு வருகை விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. சில நாள்களில், தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் இருந்தால் ஏற்கப்படும் என்று தளர்த்தியது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய், முதற்பெயர்க் கட்டத்தில் பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்துகள் வந்து உட்காரும். தலைப்பெழுத்தை விரித்துத் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக இடுவது நல்லது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அப்படி இடும் நாளில், அது இனிமேல் மாறாமல் பேரப்பிள்ளைகளுக்கும் போகும் பெயர் என்பதை அறிந்து இட வேண்டும். உடன்பிறந்தவர்கள் அனைவரும் ஒரே எழுத்தில் இட வேண்டும். ஒருவர் 'டி' என்றும் மற்றவர் 'டிஎச்' என்றும் எழுதிவிட்டால் இரண்டு குடும்பங்களாகிவிடுவார்கள். ஏற்கெனவே வேறுபட்டிருந்தால், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் அச்சாவதற்கு முன்பே அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டுவிட்டு, அந்த அரசிதழ்ப் பக்கத்தைக் கொண்டே மற்ற ஆவணங்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொள்வது எளிது.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். இடப்பக்கத்தில் அரபு எழுத்தில் பெயர், அடுத்து தமிழில், அடுத்து ஒவ்வொரு நாட்டு ஆவணத்திலும் உள்ள ஆங்கில எழுத்து, வாப்பா பெயர், உம்மா பெயர், பிறந்த வீடு, மணந்த வீடு. கொழும்பு, பினாங்கு, லண்டன் வாரிசுகளிடமும் ஒவ்வொரு படி இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் பெயரைப் பதியும் முன் அந்தப் பட்டியலைப் பார்த்து எழுத்தை முடிவுசெய்வது என்று பேசி வைத்திருக்கிறோம். சென்ற ஆண்டு பினாங்கில் பிறந்த ஆண் குழந்தைக்கு முகைதீன் என்று பெயரிட விரும்பியபோது, எந்த எழுத்தில் பதிவது என்று அங்கிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். பட்டியலில் பாட்டனாரின் பழைய கடவுச்சீட்டுக்கு நேரே இருந்த எழுத்தையே சொன்னோம், அப்படியே பதிந்தார்கள்.